அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்காத பக்கம்

கல்லூரியில் நான் நடத்தும் பாடத்துக்கு ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்று பெயர். விருதுநகரிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் பொறியியல் கல்லூரி. கம்பெனிக்காரர்கள் ஆளெடுக்க வரும்போது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஏதாவது ஒரு தலைப்பைக் கொடுத்துக் கலந்து பேசச் சொல்வார்கள். அதில் பேச்சை எப்படித் தொடங்குவது, எப்படி ஒத்துக்கொள்வது, அடுத்தவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று இரண்டு பக்கத் தாளில் ஆங்கில வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்து, ஆறு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘ஐ சீ யுவர் பாயிண்ட்.’ ‘லெட் அஸ் டாக் இட் ஓவர்.’ ஒரு நாளைக்கு நாலு வகுப்பு. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கண்டக்டரிடம் இறங்கும் ஊரைச் சொல்வதற்குக்கூட வாய் வராது.

போன வாரம் கடைசி வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். “மேம், எதுக்கு ரிஸ்க்? எல்லாத்துக்கும் ஐ அக்ரீ வித் யூன்னே சொல்லிட்டா மார்க் கொறைச்சுருவாங்களா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். குறைத்துவிடுவார்கள், சொந்தக் கருத்தைச் சொல்லத் தெரிய வேண்டும் என்று பதிலும் சொன்னேன். அதற்கு மேல் அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு, மணியடிக்கும்வரை அவர்களையே படிக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார். அம்மாவும் சித்தியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தார்கள். சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். எம். புதுப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, தீபாவளி கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சித்திக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஊரில் சாவு வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகவே அம்மா யோசிப்பாள்.

மருந்து அறை ஒவ்வொன்றிலும் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவரிலேயே பெயிண்டால் பெரிதாக எழுதிப் போட்டிருக்குமாம். சீசன் வந்துவிட்டால் அந்த எழுத்துக்குக் கீழேயே ஒன்பது பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால், அவருடைய ஜீப் மெயின் ரோட்டில் திரும்பும்போதே மேனேஜருக்குப் போன் வந்துவிடும். ரிஜிஸ்டரில் பெயர் இல்லாத ஐந்து பேரும் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு, பின்பக்க வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஜீப் போனதும் திரும்பி வருவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் பழகிப்போன ஏற்பாடு அது. அம்மா ரிஜிஸ்டரில் இருந்தாள். சித்தி கருவேலங்காட்டுக் கோஷ்டி. அவளுக்கு அது பிடித்துமிருந்தது. வேலை நேரத்தில் காலை நீட்டி உட்காரக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்பாள். வரும்போது எனக்குக் கோவைப்பழம் பறித்துக்கொண்டு வருவாள்.

அறையில் சித்திக்குக் கிடைத்திருந்த இடம் உள்மூலை. முதலில் சேர்ந்தவர்களுக்கு வாசலோரம், கடைசியில் சேர்ந்தவர்களுக்கு மூலை. ஏதாவது ஒன்று என்றால் எட்டுப் பேரைத் தாண்டித்தான் அவள் வெளியே வர வேண்டும். அம்மாவின் மனசில் ஓயாமல் இருந்தது இது ஒன்றுதான். சோறு போடும்போதுகூடச் சொல்வாள். சித்தி அதற்கும் சிரிப்பாள்.

அறைக்கு நாலு பேர், மீதிப் பேருக்கு இன்னொரு அறை கட்டித் தரட்டும் என்று ஆபீசரிடம் சொல்லிவிட வேண்டுமென்று எங்கள் ஊரிலிருந்து கம்பெனி வேனில் போய்வரும் பெண்கள் பலநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆபீசர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முந்தின தடவை வந்தபோது, வேனில் எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் ஓர் அக்கா துணிந்து பேசியிருக்கிறார். அவர் மூச்சுவிடாமல் நாலு நிமிஷம் பேசியதை மேனேஜர் ரெண்டே வார்த்தையில் இங்கிலீஷில் சொல்லி முடித்தாராம். ஆபீசர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாராம். அந்த ரெண்டு வார்த்தை என்னவாக இருக்கும் என்று வேனில் ஒரு மாதம் யோசித்தார்கள்.

ஆகவே ஆபீசரிடம் இங்கிலீஷிலேயே பேசிவிடுவது என்று முடிவாயிற்று. யார் பேசுவது என்ற கேள்விக்கு அம்மாவைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த வேனில் வருகிறவர்களில் இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைப் போட்டிருந்தது அம்மா மட்டும்தான்.

அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். பத்து வயசில் எனக்கு இருந்த பவிசு இந்த வயசில் இல்லை. எங்கள் இங்கிலீஷ் புத்தகத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த பாடத்தின் பெயரே ‘லெட் அஸ் டாக் இட் ஓவர்’தான். உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று அர்த்தம் என மிஸ் சொல்லியிருந்தார். படத்தில் ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் பூச்சாடி. அம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவுக எல்லாரும் உக்காந்துல்ல பேசுதாக. நின்னுக்கிட்டுப் பேசுறதுக்கும் இதே இங்கிலீசுதானா?” என்று கேட்டாள்.

சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, “பாருக்கா, ரூலுப்படி நாலே நாலு பேருதான் இருக்காக” என்றாள். அதற்கு அம்மாவே சிரித்துவிட்டாள்.

அச்சாபீஸிலிருந்து எடைக்குப் போடும் பழைய லேபிள் தாள்கள் எல்லா வீட்டிலும் கிடக்கும். ஒரு பக்கம் மயில் படம், மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் அம்மா படிக்கத் தோதாகத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்கியூஸ் மீ சார். மே ஐ சே சம்திங். ஐ திங்க். யூ ஆர் ரைட். ஐ அக்ரீ வித் யூ. ஐந்தும் பாடத்தின் முதல் பக்கத்தில் இருந்தவை. அம்மா அதை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போவாள். வேனில் எல்லோரும் கோரஸாகச் சொல்லிப் பார்ப்பார்களாம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவாராம். எல்லோரையும்விடச் சித்திதான் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கருவேலங்காட்டில் உட்காரப்போகிறவளுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டதற்கு, ஆடு மேய்க்க வருகிறவரிடம் பேசலாமே என்றாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அம்மா கேட்டாள். “இதெல்லாம் சரிம்மா. ஒம்போது பேரு இருக்கோம், இப்படி இருக்கக் கூடாதுங்கறத எப்படிச் சொல்ல?”

எனக்குத் தெரியவில்லை. மறுத்துப் பேசும் வாக்கியங்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன. அதைக் காலாண்டுப் பரீட்சை முடிந்துதான் நடத்துவேன் என்று மிஸ் சொல்லியிருந்தார். நானாகப் படித்துப் பார்த்திருக்கலாம், மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். ஆனால் தெரியாது என்று அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. “அது அடுத்த பாடம். மொதல்ல இதை ஒழுங்கா மனப்பாடம் பண்ணு” என்று அதட்டினேன். ஸ்கேல் வேறு கையில் வைத்திருந்தேன். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்றாள். அவர் நல்லவிதமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எனக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்று கொடுத்தார். என்ன படிக்கிறேன், எந்த ஸ்கூல் என்று விசாரித்துவிட்டு, “அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கயாமே, என்னென்ன சொல்லிக்குடுத்த, அண்ணாச்சிக்கும் சொல்லு பாப்போம்” என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஐந்தையும் ஒப்பித்தேன்.

“கடைசியாச் சொன்னியே, அது நல்லாருக்கு. அம்மாவை அதை நல்லாப் படிக்கச் சொல்லு” என்றார்.

பிறகு வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அம்மாவிடம் தணிந்த குரலில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். நான் மத்தாப்புப் பெட்டியைப் பிரித்து எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். உள்ளே வந்த அம்மா, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அன்று அடுப்பு வேலை முடியும்வரை அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மேனேஜரே பாராட்டிய வாக்கியம் என்பதால் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஆபீசர் வந்தார். நடந்ததை முன்சீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து பேரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். அறையில் அக்காவும் அம்மாவும் சேர்த்து நாலு பேர். ஆபீசர் வாசலில் வந்து நின்றதும் அம்மா எழுந்து, “எக்ஸ்கியூஸ் மீ சார்” என்றிருக்கிறாள். அவர் அப்படியே நின்றுவிட்டாராம். மேனேஜரைக் கையமர்த்திவிட்டு, அம்மாவைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் கேட்டாராம். இந்த ரூமில் எப்போதும் நாலு பேர்தானே, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதுதானே என்று கேட்டிருப்பார் போல. ஃபோர் என்ற வார்த்தை தன் காதிலேயே விழுந்தது என்றார் அக்கா. அம்மா மேனேஜர் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஐ அக்ரீ வித் யூ” என்றாளாம். ஆபீசர் வெரிகுட் என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அன்று வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். முன்சீட்டு அக்கா மட்டும் எங்கள் வாசலில் நின்று இவ்வளவையும் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“நம்ம டீச்சரம்மா அம்புட்டுத்தான் சொல்லிக்குடுத்திருக்கா. ஒங்கம்மாவும் என்ன செய்வா பாவம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்த்தான் சொன்னார். ஆனாலும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து அந்த அடுத்த பக்கத்தைப் படித்தேன். மறுப்பதற்கு ஆறு வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் அப்படிக் கஷ்டமில்லை, அரை மணி நேரத்தில் மனப்பாடமாகிவிட்டது.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்த அறையில் தீப்பிடித்தது. அறை இடியவில்லை, மருந்து மட்டும் குப்பென்று பற்றிக்கொண்டது என்றார்கள். அதுவே பெரிய அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்கள். அன்றும் ஒன்பது பேர். வாசலோரம் இருந்த அம்மா முதலில் வெளியே விழுந்துவிட்டாள். மற்றவர்கள் முண்டியடித்து வந்தார்கள். சித்தி கடைசியாக வந்தாள். கண்ணுக்கு நேரே இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டு வந்ததால் முகம் தப்பியது. கைகள் தப்பவில்லை. மூன்று மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. புதுப்பட்டிக்காரர்கள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் வரவில்லை.

சித்தி இன்றைக்கும் அம்மாவோடுதான் இருக்கிறாள். சிரிப்பு மட்டும் போகவில்லை. அம்மா எதையாவது சொல்லித் தொணதொணத்தால், “ஐ அக்ரீ வித் யூ” என்பாள். வேனில் படித்த இங்கிலீஷில் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மழை வரும்போல இருக்கிறது என்றாலும் அதுதான், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றாலும் அதுதான். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். ஒரு பக்கம் முன்னால் படித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த விரல்கள் இப்படி ஆகியிருக்காது என்று நான் நம்பினேன். யாரிடமும் சொன்னதில்லை. காலேஜில் இங்கிலீஷ்தான் எடுப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே அதில் ஆசை என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அந்த மாணவி கேட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். சித்தி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வகுப்புக்காக அதே இரண்டு பக்கத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என்னவோ சலித்துப்போயிற்று. இருபது வருஷம் சுமந்தாயிற்று, இனிமேலும் முடியாது என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பக்கம் எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் உன்னை அதட்டினேன், என்னால்தான் நீ ஆபீசரிடம் அப்படிச் சொல்லும்படி ஆயிற்று என்றேன்.

அம்மா உரித்துக்கொண்டிருந்த உள்ளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கிறுக்கி, இதையா இத்தன வருசம் மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்ச?” என்றாள். பிறகு ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் நாலு விரலுமாக விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். “ஒம்போது வெரலக் காட்டுறதுக்கு எனக்கு எதுக்குட்டி இங்கிலீசு?”

அம்மா உள்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அண்ணாச்சி வந்தாகல்ல. நல்லாப் பேசும்மா, ஆனா பேசினா நாலு பேருக்கு மேல வச்சுக்கிட முடியாது, மிச்சம் அஞ்சு பேரையும் நாளைக்கே நிறுத்தணும், மொதப் பேரு ஒந்தங்கச்சிதான்னு சொன்னாக. தீவாளி கழிச்சுக் கல்யாணம் நிக்கி. சீசன்ல வேலையில்லாம அவ வீட்டுல உக்காந்தா கல்யாணம் எங்கன நடக்கும்? ஆபீசரு கேக்கும்போது கைய மேல தூக்கத்தான் பாத்தேன். தூக்க முடியல.”

சித்திக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அம்மா மறுபடியும் உள்ளியை எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளிக்கும் வரும்தான். கொஞ்ச நேரம் கழித்து, டிவி சத்தத்தைக் குறைத்தால் என்ன, காது செவிடாகிவிடும் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஐ அக்ரீ வித் யூ” என்றாள் சித்தி, வழக்கம்போல.

வழக்கம்போல நான் தரையைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு என்னவோ பார்க்கவில்லை, எதிரே இருந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.